காற்றா, நரம்பா?

பேருந்து ஓட்டி விளையாடும் குழந்தைகள் எஞ்சின் ஓசை எழுப்புவார்களே, அதை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். உதடுகளைத் தளர்வாக மூடிக்கொண்டு ஊதினால் போதும், 'ப்ர்ர்ர்' என்று இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். வினாடிக்கு இருபது, முப்பது தடவை. இப்போது ஊதுவதை நிறுத்திவிட்டு, தசையை மட்டும் இயக்கி அதே வேகத்தில் உதடுகளைத் திறந்து மூட முயலுங்கள். நாலைந்து தடவையிலேயே திணறிவிடுவீர்கள். உதட்டை எவ்வளவு இறுக்கமாக வைப்பது, எவ்வளவு பலமாக ஊதுவது என்ற இரண்டு மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மற்றதைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

குரல்வளைக்குள் நடப்பதும் இதேதான். இடம் வேறு, வேகம் அதிகம், அவ்வளவுதான். ஆண்கள் பேசும்போது குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்கள் பேசும்போது சுமார் 200 தடவையும் திறந்து மூடுகின்றன. ஓர் ஆசிரியை விடாமல் ஒரு மணி நேரம் 'ஆ' என்று இழுத்தால் அவருடைய நாண்கள் 7,20,000 தடவை மோதியிருக்கும். (எந்த ஆசிரியையும் அப்படி இழுக்க மாட்டார். இடையில் மூச்சு உண்டு, மௌனம் உண்டு, வல்லின எழுத்துகளும் உண்டு.)

இவ்வளவு தெளிவான விஷயத்தில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் போட்டார்கள். 1950இல் பாரிஸில் ராவுல் ஹூஸ்ஸோன் என்பவர் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தார். மனிதர் கணிதம் படித்தவர். 1923இல் மாணவராக இருந்தபோது பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, முதலாண்டு மாணவர்களுக்குப் பேராசிரியர்போல வகுப்பெடுத்து, இல்லாத தேற்றங்களை எழுதிக் குழப்பியவர். அந்தக் குறும்பு வகுப்பில் 'பூர்பாக்கி' என்று ஒரு பெயரில் அவர் சொன்ன தேற்றம்தான், பின்னாளில் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் கூட்டாக நூல் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட புனைபெயருக்கு வழிவிட்டது. 1950இல் அவர் சொன்னது மட்டும் விளையாட்டுக்குச் சொன்னதல்ல. குரல் நாண்களின் ஒவ்வோர் அசைவும் மூளையிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்புத் துடிப்பால் நிகழ்கிறது. காற்று வெறுமனே அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான் என்றார். 200 ஹெர்ட்ஸில் பாட வேண்டுமானால் மூளை வினாடிக்கு 200 ஆணைகள் அனுப்ப வேண்டும்.

கேட்பதற்குக் கவர்ச்சியான கோட்பாடு. பாடகர் சுருதி பிசகாமல் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்பது எப்படி என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை கிடைத்துவிடுகிறது: மூளையே அந்த எண்ணை அனுப்புகிறது. பாட்டு ஆசிரியர்கள் பலருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. மேலைநாட்டு இசைநாடகப் பாடகிகள் எட்டும் உச்ச ஸ்தாயி 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டும்; ஒரு நரம்பிழையால் அந்த வேகத்தில் துடிக்க முடியாதே என்று கேட்டபோது, இழைகள் முறைவைத்துத் துடிக்கின்றன என்று ஹூஸ்ஸோன் ஒரு சமாதானம் சொன்னார். நரம்பு ஒருவேளை தப்பிக்கலாம். தசை தப்பாது. ஆணைகள் மிக வேகமாக வந்தால் எந்தத் தசையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சுருங்கித் தளராது, மொத்தமாக இறுகி அப்படியே நின்றுவிடும். இன்னொரு சிக்கல், குரல்வளைக்கு வரும் இரண்டு நரம்புகளும் ஒரே நீளமில்லை. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. வலப்பக்கத்து நரம்பு அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. ஆணைகள் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் வந்துசேர்வது எளிதல்ல.

நெதர்லாந்தின் கிரோனிங்கனில் இருந்த யான்வில்லெம் வான் டென் பெர்க் 1958இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சண்டையை ஏறக்குறைய முடித்துவைத்தது. தசையின் மீள்தன்மையும் காற்றின் இயக்கமும் சேர்ந்தே குரல் நாண்களை அதிரச் செய்கின்றன என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், அவருடைய கணக்குகளைவிட மருத்துவமனை வார்டில் தெரியும் சான்றுகளே வலுவானவை. கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைத்திருக்கும் நோயாளியால் பேச முடியாது. மூளை, நரம்பு, தசை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. காற்று மட்டும் குரல்வளைக்கு வராமல் கீழேயே வெளியேறிவிடுகிறது. துளையை விரலால் மூடினால் குரல் வருகிறது.

இன்னொன்று இதைவிட அழுத்தமானது. தைராய்டு அறுவைச் சிகிச்சையில் சில சமயம் குரல்வளை நரம்பு பழுதாகி, ஒரு பக்கத்து நாண் செயலிழந்துவிடும். அது நடுவுக்கு வராமல் ஓரத்திலேயே கிடப்பதால் இடைவெளி விழுகிறது. குரல் காற்றாகப் போகிறது. ஜப்பானியரான நொபுஹிகோ இஷிக்கி 1974இல் இதற்கு ஒரு வழி சொன்னார். குரல்வளையின் முன்பக்கக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியே ஒரு துண்டைச் செருகி, செயலிழந்த நாணை நடுவுக்குத் தள்ளிவிடுவது. நோயாளியை மயக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு இதைச் செய்வார்கள். 'ஆ சொல்லுங்க', 'ஒண்ணு ரெண்டு எண்ணுங்க' என்று பேச வைத்துக்கொண்டே துண்டின் அளவைச் சரிபார்ப்பார்கள். நரம்பு ஒரு துளியும் உயிர்பெறவில்லை. குரலோ மேசையின் மேலேயே திரும்பி வருகிறது. மூளையோடு தொடர்பு அறுந்த அந்த நாணும் நல்ல நாணோடு சேர்ந்து அதிர்கிறது. ஹூஸ்ஸோனின் கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை.

உண்மையில் விடை ஹூஸ்ஸோனுக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1741இல் அந்துவான் ஃபெரேன் என்ற பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர், இறந்த நாயின் குரல்வளையை மூச்சுக்குழாயோடு வெட்டியெடுத்து, நாண்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டு கீழிருந்து ஊதினார். ஒலி வந்தது. இறந்த மனிதரின் குரல்வளையும் ஒலித்தது. வயலின் தந்தியை வில் உரசுவதுபோலக் காற்று நாண்களை உரசுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டது சரியில்லை. அவை இழுத்துக்கட்டிய தந்திகளும் இல்லை, சுவரிலிருந்து உள்நோக்கிப் புடைத்த இரண்டு மடிப்புகள். ஆனால் பிணத்துக்கு நரம்புத் துடிப்பு கிடையாது என்பதை யாரும் மறுக்க முடியாது.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து பெர்லினில் யோஹன்னஸ் முல்லர் அதே சோதனையை இன்னும் பொறுமையாகச் செய்தார். குருத்தெலும்பில் நூலைக் கட்டி, நூலில் எடைகளைத் தொங்கவிட்டு நாண்களின் இறுக்கத்தை மாற்றினார். ஊதும் அழுத்தத்தையும் மாற்றினார். எடை கூடினால் சுருதி ஏறியது. அதில் புதுமை இல்லை. இறுக்கத்தை மாற்றாமல் பலமாக ஊதினாலும் சுருதி ஏறியது. அப்படியானால் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு குரலைப் பெரிதாக்க வேண்டுமானால், அழுத்தத்தைக் கூட்டக் கூட நாண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும் வேண்டும். பாடகர் அதை எண்ணிச் செய்வதில்லை. காது சொல்ல, தசை சரிசெய்துகொள்கிறது. இதை இன்றைக்கும் சோதிக்கலாம். ஒருவரை ஒரே சுருதியில் 'ஆ' என்று நிறுத்திப் பாடச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் அவருடைய வயிற்றை மெல்ல அழுத்துங்கள். சுருதி ஒரு துள்ளு துள்ளும், பிறகு சமனாகும். முதல் துள்ளல் காற்றின் வேலை. சமனாவது மூளையின் வேலை.

எவ்வளவு அழுத்தம் என்று இப்போது பார்ப்போம். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின் நுனி தண்ணீர் மட்டத்திலிருந்து 7 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி பிடித்து, முதல் குமிழி வெளிவரும் வரை மெதுவாக ஊதுங்கள். குமிழி வரும் கணத்தில் உங்கள் வாய்க்குள் இருக்கும் அழுத்தம் 7 செ.மீ. நீருயரத்துக்குச் சமம். அன்றாடம் பேசும்போது குரல் நாண்களுக்குக் கீழே இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான், 5 முதல் 10 செ.மீ. வரை. நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம் 1,000 செ.மீ. நீருயரத்துக்கு மேல். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் நாம் சண்டை போடுகிறோம், தாலாட்டுப் பாடுகிறோம். உச்சக் குரலில் பாடும் பாடகர்கள் 40 செ.மீ.யைத் தாண்டிப் போவதும் உண்டு.

தொண்டைக்குக் கீழே உள்ள அழுத்தத்தை ஊசி குத்தாமல் அளக்க ஆய்வகங்களில் ஓர் எளிய உத்தி இருக்கிறது. உதடுகளுக்கு நடுவே மெல்லிய குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு 'பா பா பா' என்று சொல்ல வேண்டும். 'ப்' என்று உதடு மூடியிருக்கும் அந்த நொடிப்பொழுதில் குரல் நாண்கள் விலகியிருக்கின்றன, காற்று எங்கும் போவதில்லை. நுரையீரலிலிருந்து உதடு வரை ஒரே அழுத்தம். வாயில் அளந்தால் நெஞ்சில் அளந்த மாதிரி.

இந்த அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதே ஒரு வேலை. மூச்சை நிறைய இழுத்துவிட்டு விலா எலும்புகளைத் தளரவிட்டால், ஊதிய நுரையீரலும் நெஞ்சுக்கூடும் சுருங்கும் விசை மட்டுமே சுமார் 30 செ.மீ. அழுத்தத்தைத் தந்துவிடும். பேச்சுக்கு அது மிக அதிகம். அதனால் ஒரு நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தில், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளே இன்னும் வேலைசெய்துகொண்டு காற்றைத் தடுத்துப் பிடிக்கின்றன. வாக்கியத்தின் கடைசியில்தான் வெளியேற்றும் தசைகள் அழுத்தத் தொடங்குகின்றன.

இனி, இந்த அத்தியாயத்தின் கடினமான இடம். காற்று அழுத்தம் நாண்களைத் தள்ளித் திறக்கிறது என்பது புரிகிறது. திறந்தவை ஏன் மூட வேண்டும்? மூடியவை ஏன் அதே தாளத்தில் திறந்துகொண்டே இருக்க வேண்டும்? பெரும்பாலான பாடநூல்கள் இங்கே டேனியல் பெர்னூலியைக் கூப்பிடுகின்றன. 1738இல் அவர் எழுதிய நூலில் வரும் விதிப்படி, குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் நாண்கள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி கீழே அழுத்தம் கூடித் திறக்கும். கதை அழகாக இருக்கிறது. பாதிதான் சரி.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களை விட்டுப் போகும்போது முதுகில் ஒரு தள்ளு தள்ளினால் ஆட்டம் வளரும். போகும்போது தள்ளிய அதே பலத்தை, திரும்பி வரும்போதும் எதிராகக் காட்டினால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட கணக்கு. உராய்வு ஊஞ்சலை நிறுத்திவிடும். பெர்னூலி உறிஞ்சல் அந்த இரண்டாவது வகை. நாண்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்கும்போது உறிஞ்சல் எவ்வளவோ, அது திறக்கும் வழியிலும் அவ்வளவே, மூடும் வழியிலும் அவ்வளவே. மூடும்போது செய்யும் உதவியைத் திறக்கும்போது வட்டியில்லாமல் வசூலித்துவிடும். திசுக்களோ ஈரமும் கொழகொழப்பும் உள்ளவை, ஒவ்வோர் அசைவிலும் ஆற்றலை விழுங்குபவை. ஆட்டம் ஓயாமல் இருக்க வேண்டுமானால், திறக்கும்போது காற்று தரும் தள்ளு மூடும்போது இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது?

மடிப்புகளை மெதுவாக்கிப் பார்த்தால் தெரியும். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் வினாடிக்கு 4,000 படங்கள் எடுக்கும் திரைப்படக் கருவியால் குரல் நாண்களைப் படம்பிடித்தார்கள். இன்றைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறையிலேயே மின்னும் விளக்கை வைத்து இதைத் திரையில் காட்டுகிறார்கள். கதவுபோலத் திறந்து மூடும் இரண்டு பலகைகளை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துவிடுவோம். மடிப்பின் விளிம்பில், முத்துச் சிப்பியின் உட்புறம் மாதிரி வெளுத்துப் பளபளக்கும் சவ்வில் ஓர் அலை ஓடுகிறது. கீழிருந்து மேலே ஏறி, விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவி அடங்குகிறது. மடிப்பின் கீழ் உதடு முதலில் விலகுகிறது, மேல் உதடு பின்னால் வருகிறது. மூடும்போதும் கீழ் உதடே முந்துகிறது.

விஷயம் அந்தப் பிந்தலில்தான் இருக்கிறது. திறக்கும்போது கீழே அகலம், மேலே குறுகல். கீழிருந்து வரும் அழுத்தம் அந்தப் புனல் வடிவத்தின் சரிவில் முழுசாக உட்கார்ந்து மடிப்புகளை விலக்குகிறது. மூடும்போது வடிவம் தலைகீழ்: கீழே குறுகல், மேலே அகலம். காற்று குறுகிய கீழ்வாயிலிலேயே சுவரை விட்டுப் பிரிந்து தாரையாகப் பாய்ந்துவிடுகிறது. மடிப்பின் சுவர்மேல் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இறங்கிவிடுகிறது. இழுபட்ட திசு தன் மீள்விசையால் எதிர்ப்பின்றித் திரும்புகிறது. போகும்போது தள்ளு, வரும்போது தடையில்லை. ஆட்டத்துக்கு அந்த வித்தியாசம்தான் தீனி. 1972இல் பெல் ஆய்வகத்தில் இஷிசாக்காவும் ஃபிளனகனும் ஒவ்வொரு மடிப்பையும் மேலொன்று கீழொன்றாக இரண்டு எடைகள், சில சுருள்வில்கள் என்று எளிமைப்படுத்திக் கணினியில் ஓட்டியபோது, ஒற்றை எடையில் எளிதில் வராத தொடர் அதிர்வு தானே வந்தது. 1988இல் இங்கோ டிட்ஸே அதைச் சவ்வில் ஓடும் அலையாகவே எழுதிக் கணக்கை முடித்துக்காட்டினார்.

தொண்டையில் மேலே நிற்கும் காற்றுக்கும் பங்குண்டு. அதற்கும் எடை இருக்கிறது, சோம்பலும் இருக்கிறது. மடிப்புகள் திறந்ததும் அது சட்டென்று நகர மறுக்கிறது. அதனால் மடிப்புகளுக்கு மேலும் இடையிலும் அழுத்தம் கூடித் திறப்புக்கு உதவுகிறது. மூட ஆரம்பித்த பிறகோ, ஓடத் தொடங்கிய வேகத்தில் அது மேலே போய்க்கொண்டே இருக்க, பின்னால் அழுத்தம் சரிகிறது. இங்கேயும் அதே வித்தியாசம். குரல் பயிற்சியாளர்கள் ஸ்ட்ராவுக்குள் முனகச் சொல்வது வேடிக்கைக்கு இல்லை. அந்தக் காற்றுத் தூணின் நீளத்தைக் கூட்டினால் நாண்களுக்கு உழைப்பு குறைகிறது.

இந்தக் கணக்கு ஒரு பயனுள்ள எண்ணைத் தருகிறது: அதிர்வு தொடங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம். ஆரோக்கியமான குரலில் அது 2, 3 செ.மீ. நீருயரம்தான். மடிப்புகள் நெருக்கமாக இருந்தால் அது குறையும். இடைவெளி விழுந்தால் கூடும். உச்ச ஸ்தாயியில் கூடும். திசுவின் கொழகொழப்பு கூடினாலும், அதாவது உடலில் நீர் வற்றினாலும் கூடும். கச்சேரிக்கு முன்னால் வெந்நீர் குடிக்கிறவர்களிடம் ஒன்று சொல்லலாம்: குடிக்கும் நீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். அது உணவுக்குழாயில் போய், ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு வர நேரமாகும். மேடையேறும் நிமிடத்தில் குடிப்பதைவிட நாள் முழுக்கக் குடித்திருப்பது பயன். நேரடியாகத் தொடுவது ஆவி மட்டும்தான்.

ஒலி பிறக்கும் இடம் எது என்பதிலும் பலருக்குக் குழப்பம் உண்டு. கைத்தட்டல்போல மடிப்புகள் மோதுவதால் வரும் ஓசை என்று நினைக்கிறோம். குரலின் பெரும்பங்கு, ஓடிக்கொண்டிருந்த காற்று திடீரென்று வெட்டுப்படுவதில் பிறக்கிறது. வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கணீர். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் குரல் ஏறத்தாழ 8, 9 டெசிபல் உயர்கிறது.

ஹூஸ்ஸோனின் கேள்வி மனிதக் குரலில் தீர்ந்தது; விலங்குகளில் அது மீண்டும் தலையெடுத்தது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன், காதில் விழாத ஏதோ ஒரு துடிப்பு காற்றில் இருப்பதை உணர்ந்தார். யானைகள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் செவிக்கு எட்டாத குரலில் பேசிக்கொள்வது பின்னர் ஒலிப்பதிவில் உறுதியானது. இவ்வளவு மெதுவான அதிர்வென்றால் தசையே துடித்து உண்டாக்க முடியுமே? பெர்லினில் இயற்கையாக இறந்த ஓர் ஆப்பிரிக்க யானையின் குரல்வளையை வியன்னாவுக்குக் கொண்டுபோய், கிறிஸ்தியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் அதற்குள் சூடான ஈரக்காற்றைச் செலுத்தினார்கள். ஃபெரேன் நாய்க்குச் செய்த அதே சோதனை. மனித மடிப்புகளைவிடப் பல மடங்கு நீளமான அந்த மடிப்புகள் நரம்பின் உதவி இல்லாமலே தாழ்ந்த குரலில் அதிர்ந்தன. 2012இல் முடிவு வெளிவந்தது.

பூனையின் உறுமல் விவகாரம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. மடியில் படுத்துக்கொண்டு அது எழுப்பும், வினாடிக்கு 25, 30 தடவை அதிரும் அந்த 'குர்ர்ர்' ஓசை, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடர்கிறது. 1972இல் உறுமும் பூனைகளின் குரல்வளைத் தசைகளில் மின்துடிப்பை அளந்தபோது, தசைகள் தாளத்தோடு சுருங்குவது தெரிந்தது. பூனை மட்டும் ஹூஸ்ஸோன் சொன்னபடி நடக்கிறது என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டன. 2023இல் ஹெர்ப்ஸ்ட் குழுவினர், நோய் முற்றியதால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளைகளை எடுத்துக் காற்று செலுத்தினார்கள். எட்டும் அதே தாழ்ந்த அதிர்வில் உறுமின. மடிப்புகளுக்குள் திண்டுபோலப் பொதிந்திருக்கும் இணைப்புத் திசுதான் அவற்றைக் கனமாக்கி மெதுவாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். இறந்த குரல்வளைக்கு உறுமத் தெரியும் என்பதை இது காட்டுகிறது. உயிருள்ள பூனை அந்த வழியில்தான் உறுமுகிறது என்பதைக் காட்டவில்லை. 1972இல் பதிவான தசைத் துடிப்புகள் அப்படியே இருக்கின்றன. காற்று தொடங்கிவைப்பதைத் தசை கூட்டிக் குறைக்கிறதா, இல்லை பூனைக்கு இரண்டு வழியும் தெரியுமா என்று வாதம் நடந்துகொண்டிருக்கிறது.